சாரம் போய்விடும்

கண்ணா,

இந்தக் கடிதத்தை உன் ஸ்லைடுப் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன். சட்டைப்பையில் வைத்தால் நானே மறந்துபோய்த் துணியோடு சேர்த்து நனைத்துவிடுவேன். மேஜைமேல் வைத்தால் உன் அப்பா முதலில் படித்துவிடுவார். பெட்டியை மட்டும் நாளைக் காலை விக்ரோலித் தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் நீ நிச்சயமாகத் திறப்பாய். எந்த ஸ்லைடாவது தலைகீழாக இருக்கிறதா என்று நான்கு தடவை பார்க்கிறவன் நீ. இதை நேரில் சொல்லக்கூடாதா என்று உனக்குத் தோன்றும். இந்த இரண்டு அறை வீட்டில் இருபத்தொரு வருஷமாக உன்னோடு இருக்கிறேன், ஆனாலும் சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பேசியதில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது. நீ நண்பர்களோடு செம்பூருக்குப் போயிருக்கிறாய், அப்பா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருக்கிறார். உன் காலி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் நீ அப்பாவிடம் சொன்னது, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "கேன்டீன்ல நாப்பது பேர்ப்பா, எல்லாம் தமிழாதான், பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். பத்துப் பேர் தூங்கினா. மிச்சப் பேர், நான் எப்போ தூங்குவேன்னு பாத்துண்டிருந்தா" என்றாய். அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "முதல் வரிசையில ஒரு பெரியவர். இடது கையில ரெண்டு விரல் கிடையாது. மூணாவது படத்துலயே கண்ண மூடிண்டுட்டார். விரல் போனவருக்கே அக்கறை இல்லேன்னா நான் யாருக்குப்பா சொல்றது?" என்று கேட்டாய். பிறகு, "திங்கக்கிழமை இன்னொரு தடவை காட்டச் சொல்லியிருக்கா. அன்னிக்கும் இப்படித்தான்னா, எனக்கு இது வராதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்துடப் போறேன்" என்றாய். "வந்துடு. ஊர்ல வேற வேலையா இல்ல" என்றார் அப்பா. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாற்பது பேரும் நீ பேசி முடித்ததும் எழுந்து போய் பிரஸ் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவர்கள். உனக்கு வேறு வேலை கிடைத்துவிடும். மெஷினில் கை போகாமல் பார்த்துக்கொள்வதை அவர்களுக்குச் சொல்ல இன்னொரு ஆள் வருகிறவரைக்கும் அவர்கள் கை அங்கேயேதான் போய்வந்துகொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் ஸ்லைடு காட்டியவள். உனக்கு அப்போது பதினாலு வயது. சனிக்கிழமை சாயங்காலங்களில் மாதர் சங்கத்துக்குப் போய்வருகிறேன் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவது உனக்கு ஞாபகம் இருக்கலாம். எங்கே போனேன், என்ன செய்தேன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மாட்டுங்கா மாதர் சங்கத்துக்கு யாரோ ஒரு புரொஜெக்டரும் ஒரு பெட்டி ஸ்லைடும் கொடுத்திருந்தார்கள். சத்துணவு பற்றிய படங்கள். தாராவியில் இருக்கிற தமிழ்ப் பெண்களுக்கு அதைக் காட்டி விளக்க ஆள் வேண்டும் என்றபோது, சங்கத்தின் செயலாளர் மாமி என்னைத்தான் கூப்பிட்டாள். "நீதான் ஓயாம படிக்கறவளாச்சே, உனக்குத்தான் நல்ல தமிழ் வரும்" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில், வீட்டுக்கு வெளியே என்னை நம்பி யாரும் ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் உட்கார்ந்து, படத்துக்கு ஒரு அட்டை என்று பதினெட்டு அட்டை எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். அடுப்படியில் நின்று மனப்பாடம் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும், நல்ல தமிழ்தான் அது.

தாராவியில் தோல்பை தைக்கிற ஒரு பட்டறையின் முற்றத்தைக் கொடுத்தார்கள். பட்டறைக்காரரின் மனைவி மீராம்மா, திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், தன் வீட்டிலிருந்தே மின்சாரமும் கொடுத்தாள். நான் கொண்டுபோன வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் அடித்து மாட்டினோம். அறுபது எழுபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் முன்னால், வேலை முடிந்து வந்த ஆண்கள் பின்னால் நின்றுகொண்டு. விளக்கை அணைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யார் முகமும் தெரியவில்லை. நான் விரிப்பைப் பார்த்து நின்றுகொண்டு, டார்ச் வெளிச்சத்தில் அட்டையைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் படம், இரண்டாவது படம். பின்னால் பேச்சுச் சத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் குரலை உயர்த்தினேன். நான்காவது படம், ஒரு பெண் சாதம் வடித்துக் கஞ்சியைக் கொட்டுகிற படம். "கஞ்சியை இவ்வாறு வடித்துக் கொட்டினால் சாரமெல்லாம் போய்விடும்" என்று படித்தேன்.

முற்றமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. பின்னால் நின்ற ஆண்கள் சுவரில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எலே, கேட்டியாலே, போயிருமாம்லே!" என்று ஒருவன் கத்தினான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, இன்னும் திருத்தமாக, "சாரமெல்லாம் போய்விடும்" என்று திரும்பப் படித்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுத வேண்டியதில்லை. மீதிப் பதினான்கு படங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டி முடித்தேன். விளக்கைப் போட்டபோது முற்றத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் ஆறு குழந்தைகள். மாமி டாக்ஸியில் என் கையைத் தட்டிக்கொடுத்து, "அவாளுக்கு இதெல்லாம் எங்கேடி புரியப் போறது. இந்த இடத்தை விட்டுடலாம்" என்றாள். நானும் அப்படியே நம்பினேன். அந்த ராத்திரி உனக்குச் சாதம் போட்டபோது நான் அழுததற்குக் காரணம் வெங்காயம் இல்லை.

நான் திரும்ப அங்கே போனது தைரியத்தால் இல்லை. விரிப்பை மறந்து வைத்துவிட்டேன். உன் பாட்டி வீட்டுச் சீதனம் அது, விட்டுவிட மனமில்லை. இரண்டு நாள் கழித்துப் போனேன். மீராம்மா உள்ளே கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, மடித்த விரிப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. "அழுக்கா இருந்துச்சு டீச்சரம்மா. தொவச்சுக் கஞ்சி போட்டு வச்சிருக்கேன்" என்றாள். பிறகு என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்ன, எங்க ஆளுவ சிரிச்சது மனசுக்குச் சங்கடமாப் போச்சோ?" என்றாள். நான் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். "சாரம்னா எங்கூர்ல என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு? ஆம்பளைய இடுப்புல கட்டுதாங்கள்ளா, கைலி, அதுதான் சாரம். கஞ்சியக் கொட்டுனா சாரம் போயிரும்னு நீங்க சொல்லவும், எங்க வீட்டு ஆளு எந்திரிச்சு முடிச்ச எறுக்கிக் கட்டிக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, தானே தாங்க முடியாமல் சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்கு உறைத்தது. "அது கெடக்கட்டும். எங்ககிட்ட வந்து கஞ்சியக் கொட்டாதீங்கன்னு சொல்லுதியளே, நாங்க எங்கம்மா கொட்டுதோம்? உப்புப் போட்டுக் குடிப்போம், புள்ளையளுக்குக் குடுப்போம், மிஞ்சுனா துணிக்குப் போடுவோம். ஒங்க மாட்டுங்காவுலதான் கொட்டுவாக. இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்." அன்று காலையில் நான் வடித்த கஞ்சி எங்கள் தொட்டிக் குழாய் வழியாகத்தான் போயிருந்தது. மனப்பாடம் செய்த அந்த ஒரு வாரமும் அப்படித்தான் போயிருந்தது, கண்ணா. எழுபது பேருக்குச் சொல்வதற்காக எழுதிய வாக்கியம், அங்கே ஒரே ஆளுக்குத்தான் பொருந்தியது. அந்த ஆள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ரயிலில் திரும்பி வரும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால், மழைநாள் ஒன்றில், நீ உன் வகுப்புத் தோழன் முத்தையா வீட்டிலிருந்து வந்தாய். தாராவிப் பையன். உன் நிக்கர் நனைந்துவிட்டதென்று அவன் வீட்டில் கட்டக் கொடுத்த கட்டம் போட்ட கைலியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று, "எம்மா, இது முத்தையா அண்ணன் சாரம். நாளைக்குக் குடுத்துரணும்" என்றாய். உன் குரல் அப்படியே அவன் குரலாக இருந்தது. உனக்கு அது பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "என்ன பேச்சுடா இது? எங்கே கத்துண்டே? இனிமே அங்கே போகாதே" என்று மாடியில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். நீ பிறகு அப்படிப் பேசவில்லை. முத்தையாவும் வரவில்லை. அன்றைக்கு நீ எனக்குத் தேவையான ஒரே சொல்லை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். நான் போட்ட சத்தத்தில் அது என் காதில் விழவே இல்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சும்மா" என்பாய். முத்தையா வீட்டுப் பேச்சையும் நீ மறந்துவிட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பேச்சு உனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.

மாமியிடம் கெஞ்சி இன்னொரு சனிக்கிழமை வாங்கினேன். இந்தத் தடவை அட்டை கொண்டுபோகவில்லை. நன்றாகப் பேசினேன் என்று நினைக்காதே. அட்டை இல்லாமலேயே மனப்பாடம் செய்ததையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன், பழையபடி விரிப்பைப் பார்த்து. மூன்றாவது படத்தில் பல்பின் சூட்டில் ஸ்லைடின் கண்ணாடி 'டிக்' என்று விரிசல் விட்டது. அவசரமாக வெளியே இழுத்தேன். கண்ணாடி என் கையில் சிதறியது, மிஞ்சியது சட்டம் மட்டும். விரிப்பு முழுக்க வெறும் வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சம் விரிப்பில் பட்டுத் திரும்பி, உட்கார்ந்திருந்தவர்கள்மேல் விழுந்தது. பதறிப்போய்த் திரும்பினேன். முதல் தடவையாக முகங்கள் தெரிந்தன. ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மீராம்மா முன்வரிசையில், எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்ப்பதற்கு வேறு படம் இல்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எங்க வீட்டுல நான் தினமும் கஞ்சியக் கொட்டறேன். நீங்க எல்லாம் என்ன பண்றேள்?" என்று கேட்டேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "எலே, சாரத்தப் புடிச்சுக்கிடுங்கலே, டீச்சரம்மா வந்துட்டாக!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குமுன் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கஞ்சியில் என்ன போடுவாள், இன்னொருத்தி ஏன் போடமாட்டாள், யார் வீட்டுக் குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது, இந்தக் கடையில் வாங்குகிற கீரை எங்கிருந்து வருகிறது. அன்றைக்குப் பதினெட்டுப் படத்தில் ஏழுதான் காட்டினேன். யாரும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், சங்கம் அந்தப் புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்கிறவரை, மாதம் ஒரு தடவை போனேன். அந்த உடைந்த ஸ்லைடின் காலிச் சட்டத்தை நான் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு தடவையும் படங்களுக்கு நடுவில் அதைச் செருகிவைத்தேன். அது வருகிறபோது விரிப்பு வெளுக்கும், நான் திரும்புவேன், கேட்பேன். யாரும் எனக்குச் சொல்லித்தந்த வித்தை இல்லை. கண்ணாடி உடைந்ததால் வந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்று மத்தியானம் உன்னைக் கேட்காமல் உன் குறிப்பு நோட்டைப் படித்தேன். ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "இயந்திரம் இயங்கும் நிலையில் பாதுகாப்புக் கவசத்தை அகற்றுதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, உடனே என் பழைய அட்டைகள் ஞாபகம் வந்தன. அப்படியே நான் எழுதியது மாதிரி இருந்தது. அந்தக் கவசத்தை அங்கே எல்லோரும் ஜாளி என்று சொல்கிறார்கள் என்று போன மாதம் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நோட்டில் அந்த வார்த்தை ஓரிடத்திலும் இல்லை. அவர்கள் ஏன் ஜாளியைக் கழற்றுகிறார்கள் என்பதும் இல்லை. கழற்றாவிட்டால் வேலை மெதுவாகுமோ, உள்ளே பார்க்க முடியாதோ, மேஸ்திரி திட்டுவாரோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்த நாற்பது பேருக்கும் தெரியும்.

அந்தப் பெரியவர் மூன்றாவது படத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்றாய். உன் மூன்றாவது படம் எது என்று பார்த்தேன். பிரஸ் மெஷினுக்கு அடியில் ஒரு கை. ஆள் உயரத்துக்கு, சுவர் முழுக்க, ஐந்து விரலோடு ஒரு கை. அவர் தூங்கியிருக்க மாட்டார், கண்ணா.

நாளைக்குப் படம் காட்டுகிறதற்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார். ஒரு டீ வாங்கிக் கொடு. விரலைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதே. எந்த ஊர் என்று கேள். திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னால், பதினாலு வயதில் உன் வாயில் இருந்த பேச்சு கொஞ்சமாவது திரும்ப வரும்; வந்தால் இந்தத் தடவை யாரும் அதட்ட மாட்டார்கள். கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்கிறீர்களா என்று கடைசியில் கேட்டுப் பார். மாட்டேன் என்றால் விட்டுவிடு, அந்தக் கைப் படத்தையும் காட்டாதே. சரி என்றால், நீ பேசவேண்டியதில் பாதியை அவர் பேசிவிடுவார். அவர் பேசும்போது ஒருத்தரும் தூங்க மாட்டார்கள். உன் வேலை விளக்கைப் போடுவதும், அவர் முடித்ததும் ஜாளியைப் பற்றி மற்றவர்களைக் கேட்பதும்தான். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள். சூப்பர்வைசருக்குப் பிடிக்காத பதிலும் வரும், அதையும் எழுதிக்கொள்.

திங்கட்கிழமையும் சரியாக அமையாமல் போகலாம். என் இரண்டாவது சனிக்கிழமையும் கண்ணாடி உடைகிறவரை சரியாக அமையவில்லை. அதற்காக வேலையை விட்டுவிட்டு வந்தாலும் உனக்குச் சாதம் போடுவேன். ஆனால் யாருக்கும் புரியவில்லை என்று மட்டும் வந்து சொல்லாதே. அதை நான் டாக்ஸியில் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உன் ஸ்லைடு வரிசையைக் கலைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. கைப் படம் இப்போது நான்காவதாக இருக்கிறது. மூன்றாவது இடத்தில் ஒரு பழைய சட்டம் இருக்கும், ஓரம் கருகி, கண்ணாடி இல்லாமல். உடைந்த ஸ்லைடு என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடாதே. அது வந்ததும் சுவர் வெளுக்கும், யாராவது "படம் எங்கலே?" என்று கத்துவார்கள். நீ புரொஜெக்டரைத் தொடாதே. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்.

அம்மா